முத்துக்குளித்துறையின் சாலை

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்ல வேண்டியவர்கள், அவசரக்காரர்களாயின், திருநெல்வேலி சென்று நாங்குநேரி, வள்ளியூர் வழியாக அகன்ற நெடுஞ்சாலையில் விரைந்து விடுவார்கள். அவசரமில்லாதவர்களுக்கு மற்றொரு வழி உண்டு. கடலை இடப்புறத்தில் வைத்துக்கொண்டு தெற்கே செல்லும் வழி அது. மாநில நெடுஞ்சாலைத் துறையினர் துண்டு துண்டாகப் போட்டு, பின்னர் ஒன்றாக இணைத்து வளர்த்த சாலை. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, கூடங்குளம், அஞ்சுகிராமம் என்று ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி, முக்கடல் கூடும் இடத்தில் முடிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று இப்போது அதற்குப் பெயர். பழைய பெயரால் அழைப்பதானால் முத்துக்குளித்துறைச் சாலை என்றே சொல்ல வேண்டும்.

இச்சாலையில் ஒரு புதுமை உண்டு. ஊர்கள் மிகப் பழையவை. சாலையோ மிகப் புதியது. இக்கரையில் வாழ்ந்த பரதவ மக்கள் திருமுழுக்குப் பெறத் தொடங்கியது 1536 ஆம் ஆண்டையொட்டி. புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்து சேர்ந்தது 1542 இல். ஆனால் ஓர் ஊரையும் அதற்கடுத்த ஊரையும் தரைவழியாக ஒழுங்காக இணைக்கும் தார்ச்சாலையோ, கோவில் வந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரே பல ஊர்களுக்குக் கிடைத்தது. ஏன் இத்தனை தாமதம்?

நாட்டை ஆண்டவர்கள் எல்லாரும் உள்நாட்டில் இருந்துகொண்டே ஆண்டார்கள் என்பதே இதற்கு விடை. 1689 முதல் 1706 வரை மதுரையில் ஆட்சி செலுத்திய இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சாலை, உள்நாட்டு வழியாகவே குமரியை நோக்கிச் சென்றது. ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டரின் ஆட்சி பாளையங்கோட்டைப் பக்கத்தில் நிலைகொண்டது. சாலைகளும் அங்கிருந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கடலை நோக்கிப் புறப்பட்டன. தூத்துக்குடிக்கு ஒன்று, திருச்செந்தூருக்கு ஒன்று, திசையன்விளைப் பக்கம் ஒன்று. ஆரங்கள் இருந்தன, அவற்றின் நுனிகளை வளைத்துப் பூட்டும் வட்டையை மட்டும் எவரும் போடவில்லை. கரையோரத்து மக்களும் அதைப் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குத்தான் கடல் இருந்ததே! சரக்கானாலும் சம்பந்தியானாலும் தோணியில் வந்தார்கள். காற்று ஒத்துவராத நாட்களில், அலை நனைத்து இறுகிய ஈரமணலில் நடந்து வந்தார்கள்.

தூத்துக்குடியை விட்டுப் பேருந்து தெற்கே திரும்பியதும், முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டி, இருபுறமும் உப்பளங்கள் விரிகின்றன. காலை வெயிலில் கண் கூசுகிறது. பாத்திகளின் ஓரத்தில் கூரை வேய்ந்த உப்புக் குவியல்கள். அவற்றைக் கடந்தால் பழையகாயல். இன்று இது ஒரு சிற்றூர். ஆயினும் இதுவே 1290களில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ புகழ்ந்து எழுதிய காயல் துறைமுகம் என்று ஆயர் கால்டுவெல் ஆராய்ந்து கூறினார். அதற்கும் முந்திய துறைமுகமாகிய கொற்கை, இன்று கடலுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் உள்ளே வயல்களின் நடுவில் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது; துறைமுகமும் கடலின் பின்னே ஓடியது. கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், பழையகாயலிலிருந்து புன்னைக்காயலுக்கும் அது இடம்பெயர்ந்த கதையை, இச்சாலையில் ஒரு மணி நேரத்திற்குள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முக்காணிக்கும் ஆத்தூருக்கும் இடையில் சாலை தாமிரபரணியைக் கடக்கிறது. உப்பும் மணலுமாக இருந்த நிலம் திடீரென்று பச்சையாகிறது. வாழை, நெல், வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டின் முடிவில்தான் இந்தப் பச்சை நிலம் முழுவதும் நீருள் மூழ்கியது. டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது; அங்கு ஓராண்டு முழுதும் பெய்ய வேண்டியதை விட அது மிகுதி. ஆறு கரை புரண்டது. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே சாலைப் போக்குவரத்து அறுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. ஹெலிகாப்டர்கள் வானிலிருந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்த வேளையில் கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி, உள்நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். வயல்களின் மீதும் தெருக்களின் மீதும் படகு செலுத்தி, மாடிகளில் ஒதுங்கி நின்றவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். கடலுக்குப் போகும் படகு கிழக்கே போவதைத்தான் உலகம் கண்டிருக்கிறது. அது மேற்கே சென்று ஊர்களைக் காத்தது அந்த வாரத்தில்தான்.

ஆத்தூரை அடுத்துக் கிழக்கே பிரியும் கிளைச்சாலை புன்னைக்காயலுக்குச் செல்கிறது. பெரும்பாலான பயணிகள் இதைக் கவனிப்பதே இல்லை. நாமோ அங்கே இறங்கித்தான் போனோம். ஆறு கடலில் கலக்கும் முகத்தில் அமைந்த இவ்வூரில், இயேசு சபைக் குருவாகிய அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார் பல ஆண்டுகள் உழைத்தார். தமிழைக் கற்று, இலக்கணம் எழுதி, தமிழ் எழுத்தில் அச்சு நூல்களை வெளிக்கொணர்ந்தவர் அவர். 1578 இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடையது. 1586 இல் அடியார் வரலாறு என்னும் பெருநூல் இந்தப் புன்னைக்காயலிலேயே அச்சேறியது. இன்று அங்கே அச்சுக்கூடத்தின் சுவடு எதையும் காட்ட ஒருவரும் இல்லை. ஆற்றுமுகத்து மணலில் வலைகள் உலர்கின்றன, சிறுவர்கள் பந்தாடுகிறார்கள். தமிழ் மண்ணின் முதல் அச்சு நூல்களுள் ஒன்று பிறந்த ஊருக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நல்ல அறிவிப்புப் பலகையாவது வைத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றியது.

மீண்டும் பெருஞ்சாலை. உப்புக்குப் பேர்போன ஆறுமுகநேரி, அதைத் தாண்டினால், அரபு நாடுகளோடு நெடுங்காலம் வாணிபம் செய்த இசுலாமிய மக்களின் காயல்பட்டினம், பின்னர் உயர்ந்த கோபுரத்துடன் தோமையார் கோவில் நிற்கும் வீரபாண்டியன்பட்டினம், உடனே திருச்செந்தூர். ஒரு பள்ளிவாசல் கண்ணுக்கு மறையுமுன் ஒரு தேவாலயமும், தேவாலயம் மறையுமுன் முருகன் கோவிலின் இராசகோபுரமும் தோன்றும் சாலை நாட்டில் வேறு எத்தனை உண்டோ! தைப்பூச காலத்தில் பச்சை ஆடை உடுத்துக் கால்நடையாகத் திருச்செந்தூர் வருவோரையும், உவரி அந்தோனியார் திருவிழாவுக்கு நடந்து செல்வோரையும் தாங்குவது இதே சாலைதான். 1923 இல் திருநெல்வேலியிலிருந்து இரயில் பாதை திருச்செந்தூரை எட்டியது. அந்த ஆண்டிலேதான் தூத்துக்குடி மறைமாவட்டமும் நிறுவப்பட்டது என்பதை நம் வாசகர்கள் அறிவர். இரயில் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே இருந்த ஊர்களுக்கு அது எட்டாத கனியாயிற்று.

முற்றும் எட்டவில்லை என்றும் சொல்வதற்கில்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலையைக் கடந்து சென்றால் குலசேகரன்பட்டினம் வருகிறது. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, இவ்வூரிலிருந்த சர்க்கரை ஆலைக்குப் பனங்கருப்பட்டியும் பதநீரும் கொண்டுவருவதற்காக, இரண்டடி அகலமுள்ள ஒரு சின்னஞ்சிறு இரயில் பாதை போடப்பட்டுத் திசையன்விளை வரை சென்றது. பயணிகளும் அதில் ஏறினர். 1940 வாக்கில் அது நின்றுபோயிற்று, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. இவ்வூரின் உப்பளத்தில் 1942 செப்டம்பரில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டதும், காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு இளைஞர்கள் தூக்குமேடையின் வாயிலிலிருந்து மீண்டதும் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். முத்தாரம்மன் கோவில் தசராவின்போது, வேடம் பூண்ட பல்லாயிரம் பேர் இச்சாலையில் நடந்து வருவதால் வண்டிகள் ஊர்ந்தே செல்லும். 28.2.2024 அன்று இவ்வூரருகில், நாட்டின் இரண்டாவது விண்ணூர்தி ஏவுதளத்திற்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். உடன்குடி அனல்மின் நிலையத்திற்காகக் கடலுள் பல கிலோமீட்டர் நீண்டு செல்லும் நிலக்கரிப் பாலத்தையும் இப்பக்கம் காணலாம். பனையேறியின் சிற்றிரயில் ஓடிய இடத்தில் விண்ணூர்தி கிளம்பப் போகிறது. விண்ணூர்தி கிளம்பும் நாட்களில் கட்டுமரமும் வள்ளமும் எங்கே போவது என்பதுதான் கரையோரத்தார் கேட்கும் கேள்வி. அதற்கு அவர்கள் மனம் கொள்ளும் விடை கிடைக்க வேண்டும்.

இங்கிருந்து சாலைக்கு மேற்கே நோக்கினால் தேரிக்காடு. குருதி நிறத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல். ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து இம்மணலை அள்ளி வீசும். பனையும் உடையும் நட்டு மணலைக் கட்டும் வேலை 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. இப்பக்கத்தில் சாலை போட முனைந்தவர்களுக்கு முதற்பகை இந்த மணலே. கல் பாவிய வழி ஒரே பருவத்தில் புதைந்துபோகும். வண்டி மாடுகள் அச்சு வரை அமிழ்ந்து நிற்கும். உடன்குடிக்கோ திசையன்விளைக்கோ சென்றால்தான் பேருந்து என்றிருந்த நாட்களைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நால்வர் தோள்கொடுத்து, மணலில் கால் புதையப் புதையச் சுமந்து செல்வார்களாம். முன்னால் ஒருவர் அரிக்கன் விளக்குப் பிடித்துச் செல்வாராம். எல்லாக் கட்டிலும் உயிரோடு திரும்பவில்லை. சாலை என்றால் அது வாணிபத்துக்கும் உல்லாசப் பயணத்துக்கும் என்று எண்ணுகிறவர்கள், இவ்வூர்த் தாய்மாரிடம் கேட்டுப் பார்க்கட்டும். 2008 இல் தொடங்கிய 108 ஊர்தி, நள்ளிரவில் இந்தச் சாலையில் மணியடித்துக்கொண்டு வரும் ஓசையின் பொருள் அவர்களுக்குத் தெரியும்.

மணப்பாட்டுக்குச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். முத்துக்குளித்துறையின் ஊர்கள் பலவற்றுக்கும் இதுவே முறை. பெருஞ்சாலை ஊருக்குப் பின்புறமாக ஒதுங்கிச் செல்லும். பிரிவில் ஒரு குருசடி நிற்கும். அங்கிறங்கி நடந்தால் ஊர் வரும். ஊர் கடலைப் பார்த்தே நிற்கிறது. சாலைக்கு முதுகைக் காட்டுகிறது. மணப்பாட்டில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின்மீது 1581 இல் எழுந்த திருச்சிலுவைக் கோவில் இருக்கிறது. குன்றின் கீழே, சவேரியார் தங்கிச் செபித்த குகை. அதனுள் இருக்கும் கிணற்றில் கடலின் அருகிலேயே நல்ல நீர் ஊறுவதைக் கண்டு வியவாதார் இல்லை. செப்டம்பர் 14 ஆம் நாள் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தை இன்று பேருந்துகள் கொண்டுவந்து இறக்குகின்றன.

இந்த மணப்பாட்டில் நின்றுதான் சவேரியார் இச்சாலையின் தேவையை முதன்முதலில் உணர்ந்திருக்க வேண்டும். 1544 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடுகப் படையின் குதிரைவீரர்கள் குமரிப்பக்கத்து மீனவ ஊர்களில் புகுந்து சூறையாடினர். மக்கள் கடலுக்குள் ஓடி, குமரிமுனைப் பாறைகளில் ஏறி, உணவும் நீருமின்றித் தவித்தனர். செய்தி மணப்பாட்டுக்கு எட்டியது. சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்றோ எதிர்த்து அடித்தது. துடுப்பு வலித்தும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் நகரவில்லை. எட்டு நாட்கள் போராடியும் முனையை அடைய முடியாமல் அவர் திரும்ப நேர்ந்தது. அதன்பின் கால்நடையாகவே புறப்பட்டுச் சென்றார். வழியில் தாம் கண்டவற்றைத் தம் உதவியாளர் மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதத்தில் எழுதினார். உண்ண உணவில்லாதவர்கள், நடக்கமாட்டாத முதியவர்கள், இறந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார். சாலையென்று ஒன்றில்லாத மணலில் அவர் நடந்தார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை என்று அந்த ஆண்டின் கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரிலிருந்து எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இக்கரையை அவர் எத்தனை முறை அளந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

மணப்பாட்டுக்குத் தெற்கே பெரியதாழை, பின்னர் உவரி. புனித அந்தோனியாரின் பெயரைக் கேட்டு, மதவேறுபாடின்றி மக்கள் இங்கு திரளுகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பேருந்தில் நிற்க இடம் கிடைப்பதில்லை. கப்பல் மாதா கோவில் உண்மையிலேயே கப்பல் வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. கடலில் பிழைக்கிறவர்கள் மாதாவுக்குக் கட்டிய வீடு வேறு எவ்வடிவில் இருக்கும்? அவ்வூரிலேயே சுயம்புலிங்க சுவாமி கோவிலும் புகழ்பெற்றது.

உவரியைக் கடந்ததும் சாலை கடலை விட்டு விலகி, நவ்வலடி வழியாகச் செம்மண் பூமிக்குள் செல்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாது. காற்று மட்டும் அதைச் சொல்லும். அந்தக் காற்றையே விலையாக்கும் காற்றாலைகள் இருமருங்கும் சுழலுகின்றன. அப்பால் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வெண்ணிறக் குவிமாடங்கள். 1988 இல் சோவியத் நாட்டோடு செய்த உடன்பாட்டில் கருக்கொண்டு, 2013 இல் முதல் உலையும், 2016 இல் இரண்டாம் உலையும் இயங்கத் தொடங்கின. அதையடுத்த இடிந்தகரையில், 2011 முதல் லூர்து அன்னை கோவிலின் முன் பந்தலிட்டு மக்கள் அமர்ந்து நடத்திய போராட்டத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. சாலையைப் பற்றிய ஒன்றை மட்டும் சொல்லுவோம். 2012 மார்ச்சில் காவல்துறையினர் அவ்வூருக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தபோது, அண்டை ஊர்களின் மக்கள் படகேறிக் கடல்வழியாக இடிந்தகரை சேர்ந்தார்கள். பாலும் காய்கறியும் படகில் வந்தன. சாலை வந்தபின் பழைய வழியை இவர்கள் மறந்துவிடவில்லை.

அது 26.12.2004 அன்று ஊர்களுக்குள் புகுந்த அதே கடல் என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. ஆழிப்பேரலை வந்த நாளில் மக்கள் மேற்கே ஓடினார்கள். கடலிலிருந்து ஓடும் வழி அன்று கிளைச்சாலைகளே.

செட்டிகுளம் தாண்டி அஞ்சுகிராமம் நெருங்கும்போது, ஒரு பழைய எல்லையைக் கடக்கிறோம். 1.11.1956 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரை இதற்கப்பால் திருவிதாங்கூர்; பின்னர் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்–கொச்சி. ஒரே கடலில் வலைவீசும் அண்டை ஊரார் இரு அரசுகளின் குடிகளாக இருந்தனர். கரையோரமாக ஒரே சாலை போடும் எண்ணம் அதுவரை எவருக்கும் எழாததில் வியப்பில்லை. இன்று அந்த எல்லை இருந்த இடத்தைப் பேருந்து ஓட்டுநர் கூட அறியார். தென்னந்தோப்புகளும் பச்சையும் வந்துவிட்டன என்பதே அடையாளம்.

கன்னியாகுமரியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அலங்கார உபகார மாதா கோவிலின் வெண்கோபுரத்தில் மாலை வெயில். 1970 இல் எழுந்த விவேகானந்தர் மண்டபத்தையும், 2000 ஆம் ஆண்டின் முதல் நாளில் திறந்த வள்ளுவர் சிலையையும் நோக்கிச் செல்லும் படகுகளுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். நாம் படகேறவில்லை. அந்தச் சிலைகளுக்கு இப்பால், அலை மோதும் சிறு பாறைகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். 1544 இல் மக்கள் ஏறித் தவித்த பாறைகள் இவற்றுள் எவை என்று சொல்வார் யாரும் இல்லை. மணப்பாட்டிலிருந்து இங்கு வர ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இருபது தோணிகள் எட்டு நாட்களில் கடக்க முடியாத அந்தத் தொலைவை, நாம் ஏறிவந்த பேருந்து, நடுவில் தேநீருக்கு நின்ற நேரத்தையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு கடந்திருந்தது.